ஏற்றம் மிதித்த சைக்கிள்களின் கதை

தூத்துக்குடிக்காரன் மலை சைக்கிளைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே :) கடலும் உப்பளமுமாகக் கிடக்கிற நம்ம ஊரில் ரயில்வே மேம்பாலத்தை விட்டால் ஏற்றமே கிடையாதுதான். ஆனால் அந்த ஒரு பாலம் போதும். கேரியரில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு வருகிற அண்ணாச்சிகள் அங்கே இறங்கித் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் காலுக்கா வலு இல்லை?

பல்சக்கரத்தை எண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். 28 இஞ்ச் கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் ஓடும். சமதளத்தில் ராஜா. ஏற்றத்திலோ அவ்வளவு தூரத்துக்கும் சுமையைக் கால் ஒரே சுற்றில் இழுத்தாக வேண்டும். கியர் வைத்த மலை சைக்கிளில் முன்னால் 22, பின்னால் 34 போட்டால் ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர்தான். நத்தை வேகம், ஆனால் இறங்க வேண்டாம்.

இந்தக் கணக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்ததுதான். பிரான்சில் பால் தெ விவி என்பவர் கியருக்காக ஓயாமல் எழுதினார். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஹென்றி தெக்ராஞ்சுக்கோ கியர் என்றாலே இளக்காரம். 1910-ல் பைரனீஸ் மலைக்கே பந்தயத்தைக் கொண்டுபோனவர் அவர், ஆனால் செயின் மாற்றும் கியருக்குப் பந்தயத்தில் அனுமதி கிடைத்தது 1937-ல்தான்! அதுவரை வீரர்கள் மலையடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். அதன் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். வீம்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதைவிட வேடிக்கை, மலை சைக்கிள் பிறந்ததே இறங்குவதற்காக. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களை லாரியில் மேலே ஏற்றி, மண் பாதையில் சரசரவென்று இறங்கினார்கள். பிரேக்கில் இருந்த கிரீஸே புகைந்துபோகும். கேரி ஃபிஷர் போன்றவர்கள் கியர் பொருத்திய பிறகுதான் மேலேயும் மிதித்துப் போக முடிந்தது. 1981-ல் பெரிய அளவில் விற்பனைக்கு வந்த ஸ்டம்ப்ஜம்பரில் 15 கியர். பின்னால் வந்த ஸ்பிரிங் வண்டிகள் குண்டுகுழிக்கு சுகம், ஏற்றத்திலோ மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

நம்ம நாட்டில்? சென்னை டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது. ஆனால் எம்டிபி என்று பெயர் எழுதி நம் பையன்களுக்கு வந்த வண்டிகளில் நிறைய ஒற்றைப் பல்சக்கரம்தான். டயர் மட்டும் தடி. 26 இஞ்ச் சக்கரம் சின்னது என்பதால் அதே பல்கணக்கில் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர். கறுப்பு சைக்கிளுக்கும் இதற்கும் ஏற்றத்தில் அவ்வளவுதான் வித்தியாசம்! 2001-ல் தொடங்கி, 2005-ல் பிளஸ் ஒன் மாணவர் எல்லோருக்கும் என்று விரிந்த அரசு இலவச சைக்கிளும் கியர் இல்லாததே.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1902-லேயே பின்சக்கர அச்சுக்குள் அடங்கும் மூன்று கியர் அமைப்பு வந்துவிட்டது. நம்ம மேம்பாலத்துக்கு 15 கியர் எதற்கு, அந்த மூன்றே தாராளம். அது மீன் கூடை சைக்கிளுக்கு வந்து சேரவில்லை. 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. இப்போது அண்ணாச்சிகளில் பலர் பாலத்தை மொபெட்டில்தான் ஏறுகிறார்கள்.