நொய்யல் தண்ணீரும் கம்பியில்லாக் கணக்கும்



வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் சேர்கிற நொய்யலை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் கரையிலுள்ள சாயக் கழிவுநீரின் கணக்கு இன்று காற்று வழியாகப் போகிறது. அது எப்படி வந்தது, அதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு சேர்க்கிறார்கள். சாய நிறத்தை எடுத்துவிடலாம். கரைந்த உப்பு அவ்வளவு லேசில் போகாதுங்க. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர்தான் தேங்கியது. கீழ்ப் பகுதியில் நிலமும் கிணறும் உப்பேறின. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது.

சொட்டுக்கூட வெளியே விடவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? வரவு செலவுக் கணக்கால்தான். ஆலைகளிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்த தண்ணீர் எவ்வளவு, வடிகட்டி மீட்டது எவ்வளவு, கொதிக்க வைத்து ஆவியாக்கியது எவ்வளவு என்று ஒவ்வொரு குழாயிலும் மீட்டர் வைத்து எழுத வேண்டும். ஆள் போய் நோட்டில் எழுதினால், எழுதுகிற நேரத்தில் மட்டுமே கணக்கு உண்டு. இரவு இரண்டு மணிக்கு யார் பார்ப்பது?

கம்பியில்லாக் கம்ப்யூட்டர் வலை கடல் நடுவே பிறந்தது. 1971-ல் ஹவாய்த் தீவுகளில், நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் தீவுக்குத் தீவு ரேடியோவில் கம்ப்யூட்டர் செய்தி அனுப்பினார்கள். அதன் பெயர் அலோகாநெட். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு செய்தியும் கெட்டுவிடும். 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால், அவரவர் வெவ்வேறு நேரம் பொறுத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். இதுதான் அவர்கள் கண்ட வழி.

ஆனால் தொழிற்சாலைக்கு அது போதவில்லை. 2007-ல் வயர்லெஸ் ஹார்ட் என்ற முறை வந்தது. நம் முறைப் பாசனத்தைப் போலத்தான் இது. ஒரு விநாடியை நூறு பங்காகப் பிரித்து, இந்தப் பங்கு உனக்கு, அடுத்தது அவனுக்கு என்று மீட்டர்களுக்கு முறை வைக்கிறார்கள். தூரத்து மீட்டரின் சேதியைப் பக்கத்து மீட்டர் வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். ஒரு வழி அடைபட்டால் வேறு வழியில் போகும். நம் நாட்டில் ரேடியோ கருவிக்கு லைசென்சு வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. குறைந்த சக்தியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவிகளுக்கு 2005-ல் விலக்குக் கிடைத்தது. அதனால்தான் இதெல்லாம் இங்கே நுழைய முடிந்தது.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில வாரியங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தானியங்கி மீட்டர் வைத்து, அளவை நேரடியாக அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். ஆலைக்குள் கம்பி வழியாகவும் வரலாம், கம்பியில்லாமலும் வரலாம். அங்கிருந்து செல்போன் வலை வழியாகவோ இண்டர்நெட் வழியாகவோ வாரியத்தின் கம்ப்யூட்டருக்குப் போகும்.

பூஜ்யமும் மௌனமும்

இங்கேதான் நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். மீட்டரில் பூஜ்யம் என்றால் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். ஆனால் மீட்டர் கெட்டாலும், மின்சாரம் போனாலும், சிக்னல் அறுந்தாலும் சேதி வராது. இரண்டையும் ஒன்றாக எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும்.

பழைய மீட்டர்க்காரர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கம்பியில் அளவு அனுப்பும்போது, பூஜ்யத்துக்கு 4 மில்லிஆம்பியர், முழு அளவுக்கு 20 என்று வைத்தார்கள். தண்ணீரே ஓடாதபோதும் 4 வந்துகொண்டிருக்கும். கம்பி அறுந்தால்தான் சுத்தமாக ஒன்றும் வராது. கம்பியில்லாக் கருவியும் அதுபோல, சொல்ல விஷயம் இல்லாவிட்டாலும் 'இருக்கிறேன்' என்று குறித்த நேரத்தில் குரல் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே, கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில், 'கழிவு வெளியே வந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'போன மாதம் எத்தனை மணி நேரம் சேதி வரவில்லை? அந்த நேரங்களில் மழை பெய்ததா?' என்றும் கேளுங்கள். ஆற்றில் வெள்ளம் வருகிற நேரம்தான் கழிவைக் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நேரம்.

உங்கள் பங்குக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை போதும். அறிக்கையில் ஈ.சி. என்ற உப்பு அளவு 3-க்கு மேல் இருந்தால், பல பயிர்களுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. தேதி போட்டு அறிக்கைகளைக் கோப்பில் வைத்திருங்கள். மீட்டர் மௌனமாக இருந்த நாட்களில் என்ன நடந்தது என்பதற்கு, உங்கள் கிணறு சாட்சி சொல்லும்.