குளுவாங்கில் இறங்கிய வண்டு

சென்ற வாரம், கும்பகோணத்தில் பிறந்து இந்தியக் கோதுமை வயல்களின் விளைச்சலை உயர்த்திய எம். எஸ். சுவாமிநாதனைப் பார்த்தோம். 1987-இல் உலக உணவுப் பரிசை முதன்முதலில் பெற்றவர் அவர். இந்த வாரம் வருபவரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தோடு அவருடைய வேலைக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. பெயர் ரஹ்மான் சையத். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர்.

அவர் ஆராய்ந்தது செம்பனையின் பூவை. பாமாயில் தரும் செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவுக்கு நான்கு கன்றுகளாக வந்து சேர்ந்தது. மலாயாவில் வியாபாரத்துக்கென்று அதை முதலில் பயிரிட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். மரம் கடல் தாண்டி வந்துவிட்டது. அதன் பூவை நம்பி வாழ்ந்த பூச்சி மட்டும் ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டது. அதை நூறு வருடத்துக்கும் மேலாக யாரும் பெரிதாக எண்ணவில்லை. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் ஒரே சமயத்தில் வராது. ஒரு மரத்தின் தூள் இன்னொரு மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காற்று அந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்தது. குலையில் பாதி காய்க்கும், மீதி சொத்தையாகப் போகும். அதனால் தோட்டங்களில் மனிதக் கை அந்த வேலையை ஏற்றது. ஆண்பூவை வெட்டித் தூளை உதிர்த்து, காயவைத்து, டால்கம் பவுடரில் கலந்து, விரிந்த பெண்பூவைத் தேடித் தேடி ஊத வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்ப வேண்டும். விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நின்ற நம் பெண்களில் எத்தனையோ பேர் முள்ளுக்கு நடுவே கைவிட்டு இதைச் செய்தவர்கள். வண்டு செய்ய வேண்டியதை அவர்கள் செய்தார்கள் என்று அன்று யாருக்கும் தெரியாது.

யூனிலீவர் தோட்டங்களில் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் மலேசியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்குப் போனபோது அங்கே யாரும் ஊதாமலேயே குலை நிறையக் காய்ப்பதைக் கண்டார். பூவெல்லாம் வண்டு மொய்த்தது. பின்னாளில் அவருடைய வற்புறுத்தலால்தான் சையத் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார்.

சையத் செய்த சோதனை எளிமையானது. பூச்சி நுழைய முடியாதபடி பெண்பூவை மூடினார், காய்ப்பு விழுந்தது. காற்றுதான் என்ற நம்பிக்கையும் அதோடு விழுந்தது. பூவுக்கு வரும் பல வண்டுகளில் மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் சளைக்காமல் உழைக்கும் ஒன்றைத் தேர்ந்தார்: எலாயிடோபியஸ் கமெரூனிக்கஸ், அரிசி மணியைவிடச் சிறியது. ஆண்பூவில்தான் அது தின்னும், முட்டையிடும். பெண்பூவும் அதே சோம்பு மணத்தை வீசி அதை ஏமாற்றி அழைக்கும். ஏமாந்து வரும் வண்டின் உடம்பில் ஒட்டிய தூள் போதும், காய் பிடித்துவிடும்.

நான் அவரை வியப்பது இதற்கு அடுத்த கட்டத்துக்காக. அயல்நாட்டு உயிரை அவசரமாக இறக்கினால் ஆபத்து. 1935-இல் கரும்பு வண்டை ஒழிக்க ஆஸ்திரேலியா கொண்டுபோன தேரை, அந்த நாட்டையே இன்றுவரை அலைக்கழிக்கிறது. சையத் அவசரப்படவில்லை. இந்த வண்டு வேறு பயிரைத் தொடுமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். மலேசியாவுக்கு வந்த பிறகும் அதைத் தனிமையில் அடைத்து வைத்துச் சோதித்த பின்பே 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் மாமோர் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள்.

ஏறத்தாழ ஒரே வருடத்தில் அது தீபகற்பம் முழுதும் பரவியது. குலைகள் கனத்தன. காய் நெருக்கிப் பிடித்ததால் ஆலையில் ஆவி உள்ளே ஏறாமல் பழத்தை உதிர்ப்பதே பெரும்பாடானது! 1980-இல் சுமார் 26 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் எண்ணெய் உற்பத்தி 1982-இல் 35 லட்சத்தைத் தொட்டது. புதிய நடவுகளுக்கும் அதில் பங்குண்டு, ஆனாலும் வண்டின் பங்கை மறைக்க முடியாது. அதே நிலத்தில் கூடுதல் எண்ணெய் என்பது சிறிய விஷயமில்லை. தமிழ்நாட்டின் ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட்டுக்காக நிற்கும் ஏழை வீட்டுத் தாளிப்புவரை அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

பூ ஊதும் வேலை தோட்டங்களில் அதோடு பெரும்பாலும் நின்றது. இன்றும் குளுவாங் பக்கம் ஆண்பூ விரிந்த செம்பனை அருகே போனால் சோம்பு மணம் வரும். பூவை மெல்லத் தட்டினால் வண்டுகள் உள்ளங்கையில் உதிரும்.