பூட்டைத் திறவுகோலாக்கிய பத்திரம்

ஒருவர் ஆக்கிய நூலைப் பிறர் அனுமதியின்றிப் படியெடுத்தலைத் தடுப்பது பதிப்புரிமைச் சட்டம். தடுத்தற்கென எழுந்த அச்சட்டத்தைக் கொண்டே, படியெடுக்கவும் திருத்தவும் யாவர்க்கும் உரிமை வழங்க வழிகண்டவர் றிச்சட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர்.

1953ஆம் ஆண்டு நியூயோர்க்கிற் பிறந்த அவர், 1971இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியேற்றார். ஒருவர் எழுதிய கணினி நிரலை மற்றவர் படித்தலும் திருத்துதலும் அங்கு இயல்பான வழக்கமாயிருந்தன. பழைய அச்சுப்பொறியிற் கடதாசி சிக்கினால் உடனே அறிவிக்குமாறு அதன் நிரலை அவர் மாற்றியமைத்திருந்தார். பின்னர் வந்த லேசர் அச்சுப்பொறிக்கோ மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த பிறிதொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கேட்டபோது, வெளியிடுவதில்லையென வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

அம்மறுப்பு ஸ்டோல்மனின் உள்ளத்திற் பதிந்தது. 1983 செப்டம்பர் 27ஆம் நாள், யாவரும் பகிரத்தக்க 'குனூ' என்னும் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். தம் ஆக்கத்துக்குக் கழகம் உரிமை கோராதிருக்கும்பொருட்டு, 1984 ஜனவரியில் வேலையைத் துறந்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார்.

ஆயினும் ஓர் இடர் இருந்தது. உரிமை கோராது நிரலை வெளியிட்டால், வேறொருவர் அதனைச் சிறிது திருத்தித் தம்முடைமையாக்கிப் பூட்டிவிடலாம். இதற்குப் பரிகாரமாக 1989இல் குனூ பொது உரிமப் பத்திரம் வெளிவந்தது. நிரலைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறர்க்கு வழங்குங்கால் மூலநிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்தே வழங்கல் வேண்டும். இதுவே அதன் சாரம். 'கொப்பிறைற்' என்னும் ஆங்கிலச் சொல்லின் ஈறு வலப்புறத்தையும் குறிக்குமாதலின், அதனை இடப்புறமாக்கிக் 'கொப்பிலெப்ட்' என இம்முறைக்குப் பெயர் வழங்கிற்று.

குனூவுக்குக் கருவிகள் பல அமைந்தும் கருநிரல் முற்றுப்பெறவில்லை. பின்லாந்து மாணவரான லினஸ் டோவால்ட்ஸ் 1991இல் எழுதிய 'லினக்ஸ்', அடுத்த ஆண்டில் இப்பத்திரத்தின்கீழ் வந்து அக்குறையை நீக்கிற்று. பத்திரம் நீதிமன்றத்தில் நிலைக்குமோ என ஐயுற்றோர்க்கு, 2004இல் ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றம் அது செல்லுபடியாகுமெனத் தீர்ப்பளித்து விடையிறுத்தது.

2019இல் ஸ்டோல்மன் தெரிவித்த சில கருத்துக்கள் கண்டனத்துக்கு உள்ளாகவே, அறக்கட்டளையின் தலைமையினின்றும் அவர் விலகினார். 2021இல் அதன் பணிப்பாளர் சபைக்கு மீண்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. மனிதரைப் பற்றிய கருத்துக்கள் வேறுபடலாம். அவர் வகுத்த நியதியோ ஒருவர் தயவில் தங்கியதன்று. இன்று கோடிக்கணக்கான கைபேசிகளினுள்ளும் லினக்ஸ் கருநிரல் இயங்குகின்றது. பெற்றதைப் பிறர்க்கும் ஈக என்னும் நிபந்தனையும் அதனோடு செல்கின்றது.