பதிவேடும் ஒழுங்கு அதிகாரமும்: சென்னைத் துறைமுகப் பின்புலத்தில் அயல்நாட்டு வழக்கறிஞர் வழக்கு

முன்னுரை

இராயபுரத்திற்குத் தெற்கே, துறைமுகத்தை அடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் அமைந்துள்ளது. கப்பல் வாடகை, கடல்சார் காப்பீடு ஆகியவை குறித்த ஒப்பந்தங்கள் பலவற்றை இங்கிலாந்துச் சட்டமே ஆள்கிறது. 2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. இத்தகைய விபத்துகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் சட்டங்கள் குறித்த ஆலோசனை தேவைப்படலாம். அவ்வாலோசனையை வழங்க வரும் அயல்நாட்டு வழக்கறிஞர் தவறிழைத்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவர் யார் என்பதே இக்கட்டுரையின் வினா.

பட்டயம் முதல் 1961 வரை

சென்னை உயர்நீதிமன்றத்தின் 1865ஆம் ஆண்டு உரிமைப் பட்டயத்தின் 9ஆம் கூறு, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்கு வழங்கியது. 10ஆம் கூறு, தக்க காரணமிருப்பின் அவர்களை நீக்கவும் இடைநிறுத்தவும் அனுமதித்தது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவரும் இங்குப் பதிவு பெற்ற பின்னரே வாதாட இயன்றது. சேர்க்கும் கையே நீக்கும் கையாகவும் இருந்தது.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் இவ்வதிகாரத்தைப் பார் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. பிரிவு 35இன்படி, மாநிலப் பதிவேட்டில் உள்ள வழக்கறிஞரைக் கண்டிக்கலாம், இடைநிறுத்தலாம், பெயர் நீக்கலாம். பதிவேட்டில் இல்லாதவருக்கு இப்பிரிவு பொருந்தாது. உரிமையின்றித் தொழில் செய்வோருக்குப் பிரிவு 45 ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அது குற்றவியல் தண்டனையேயன்றித் தொழில் ஒழுங்கு நடவடிக்கை அன்று.

ஏ.கே. பாலாஜி வழக்கு

இவ்விடைவெளி 2010இல் தொடுக்கப்பட்ட ஏ.கே. பாலாஜி வழக்கில் வெளிப்பட்டது. அயல்நாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்ய இயலாது என 2012 பிப்ரவரி 21 அன்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், அயல்நாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை கூறத் தற்காலிகமாக வந்து செல்வதற்குத் தடையில்லை என்றது. 2018 மார்ச் 13 அன்று உச்சநீதிமன்றம், நீதிமன்றத்திற்கு வெளியே வழங்கும் ஆலோசனையும் சட்டத்தொழிலே என உறுதி செய்தது. வந்து செல்லும் உரிமையை 'அவ்வப்போதைய வருகை' என்ற அளவில் சுருக்கியது. பன்னாட்டு வணிக நடுவர் தீர்ப்பில் பங்கேற்போரும் இந்திய வழக்கறிஞர்களுக்குரிய நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள் எனக் கூறி, விதிகள் வகுப்பதை மைய அரசுக்கும் இந்திய பார் கவுன்சிலுக்கும் விட்டது.

2023 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகள் அயல்நாட்டு வழக்கறிஞர்களுக்கெனத் தனிப் பதிவுமுறையை ஏற்படுத்தின. ஆயினும் 12 மாதங்களில் 60 நாள் வரை பதிவின்றி வந்து செல்லவும் இடமளித்தன.

முடிவுரை

ஒழுங்கு அதிகாரம் 1865 முதல் பதிவேட்டை ஒட்டியே வளர்ந்துள்ளது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு நடத்தை விதிகளைப் பதிவேட்டுக்கு அப்பாலும் நீட்டியது. ஆனால் பெயர் நீக்கம் என்னும் கடுந்தண்டனை, நீக்குவதற்குப் பெயர் உள்ளவரிடத்தே மட்டும் செல்லும். வந்து செல்பவரின் பெயர் அவரது நாட்டுப் பதிவேட்டிலேயே உள்ளது. ஆகவே, துறைமுக வணிகத்தில் தவறான ஆலோசனையால் பாதிக்கப்படும் உள்ளூர்க் கட்சிக்காரருக்குத் தொழில்முறைத் தீர்வு கடல் கடந்தே கிடைக்கும் நிலை தொடர்கிறது.