உறையை விட்டு வந்த செல்கள்

அல்ட்ராசவுண்டு திரையைப் பார்த்தபடியே மருத்துவர் தைராய்டு கட்டிக்குள் ஊசியைச் செலுத்துகிறார். முன்னும் பின்னுமாகச் சிலமுறை அசைத்ததும் ஊசித்தண்டில் ஒரு துளி ஏறிவிடுகிறது. அந்தத் துளி புறப்படும் பாதை பழையது. 1930இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டினும் எல்லிஸும் 18 கேஜ் ஊசியால் கட்டிகளிலிருந்து செல்களை உறிஞ்சிப் பார்த்தார்கள். அதைவிட மெல்லிய ஊசியை 1950களிலிருந்து வழக்கமாக்கியவர்கள் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள்.

துளி கண்ணாடித் தகட்டில் விழுகிறது. இன்னொரு தகட்டால் இழுத்துப் பரப்புகிறார்கள். சில தகடுகள் ஆல்கஹாலில் மூழ்கிப் பாப்பனிகொலாவு சாயம் ஏற்கின்றன; சில காற்றில் உலர்ந்து கீம்சா சாயம் ஏற்கின்றன. பயணம் இங்கேயே நின்றுபோவதும் உண்டு. பொதுவாக, பத்து செல்களாவது கொண்ட ஆறு கூட்டங்கள் தேறவேண்டும். வெறும் ரத்தம் வந்திருந்தால் மறுபடி ஊசிதான்.

தேறிய தகடு நுண்ணோக்கிக்குப் போகிறது. அதிகம் காணப்படும் பாப்பில்லரி வகைப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் செல்லின் உட்கருவே காட்டிக்கொடுத்துவிடும்: நீளவாக்கில் மடிப்பு, நடுவே குமிழ் போன்ற வெளிர்ந்த வட்டம். ஃபாலிகுலர் வகையில்தான் சிக்கல். தீங்கற்ற ஃபாலிகுலர் கட்டியின் செல்லும் புற்றுநோய்ச் செல்லும் பார்வைக்கு ஒன்றே. கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்து வெளியேறியிருந்தால், அல்லது ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்தால், அது புற்றுநோய். வேலி தாண்டிய மாட்டை வேலியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஊசி கொண்டுவந்தது செல்களை. உறை கழுத்திலேயே இருக்கிறது.

ஆகவே அறிக்கையில் ‘பெத்தெஸ்டா 4, ஃபாலிகுலர் நியோபிளாசம்’ என்று அச்சாகிறது. 2007இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் கூடிய நிபுணர்கள் வகுத்த ஆறு பிரிவுகளில் நான்காவது இது. 2023இல் வெளியான மூன்றாம் பதிப்பின்படி, இந்தப் பிரிவில் புற்றுநோய்க்கான வாய்ப்பு சராசரியாக 30 சதவீதம். மரபணுச் சோதனை ஓரளவு உதவும். ஆனால் ராஸ் மரபணு மாற்றம் தீங்கற்ற கட்டியிலும் புற்றுநோயிலும் காணப்படுவதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

துளியின் வழி இங்கே முடிய, கட்டியே கிளம்ப வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தைராய்டின் ஒரு பாதியை எடுத்து ஃபார்மலினில் இடுகிறார்கள். அறுவைக்கூடத்திலேயே உறையவைத்துச் சீவிப் பார்க்கலாமே என்றால், அந்தச் சில நிமிடங்களில் உறையின் ஓரிரு இடங்களைத்தான் பார்க்க முடியும். துளைப்பு வேறெங்கோ இருக்கலாம். அதனால் உறையைச் சுற்றிலும் துண்டுகள் எடுத்து, மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனில் சீவிப் பார்க்கிறார்கள். தீர்ப்பு வரச் சில நாட்களாகும். துளைப்பு ஆழமாகவோ பரவலாகவோ இருந்தால் மறுபாதிக்கு இரண்டாவது அறுவை தேவைப்படலாம். இல்லையென்றால் தழும்பும், சிலருக்கு ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரையும் மிச்சம்.

‘ஊசி போட்டும் கண்டுபிடிக்கவில்லையா?’ என்று நோயாளி நொந்துகொள்வது இயல்பு. ஊசி எடுத்தவரும் தகட்டைப் படித்தவரும் தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். இவ்வகைக் கட்டியில் முதல் அறுவையே பரிசோதனையின் கடைசிக் கட்டம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைச் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.