தூக்கம் வரலையா? மாத்திரையா, பட்டன் போனா... எது கைகொடுக்கும்?

இரவு மணி 1. தூக்கம் வரவில்லை. ஒரு கை ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு கை, அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை அட்டையைத் தேடுகிறது. இன்னொரு பக்கம், ஸ்மார்ட்போனை ஓரங்கட்டிவிட்டு பழைய பட்டன் போனுக்குத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எதற்கு என்ன பலன்?

மாத்திரை என்ன செய்யும்?

அல்பிரசோலம், நைட்ரஸிபாம் போன்றவை பென்சோடயஸிபைன் வகை மருந்துகள். மூளையின் பரபரப்பை அடக்கும் 'காபா' என்ற ரசாயனத்தின் வேலையை இவை கூட்டிவிடும். பதற்றம் தணியும், கண் சொக்கும். சோல்பிடம் வேறு வகை என்றாலும், அது கை வைக்கிற இடமும் இதேதான்.

சிக்கலே தினமும் போட ஆரம்பிக்கும்போதுதான். மூளை பழகிவிடும். போன மாதம் கேட்ட அளவு இந்த மாதம் கேட்காது. பயந்துபோய் சட்டென்று நிறுத்தினால் அது இன்னும் ஆபத்து: முன்பைவிட மோசமான தூக்கமின்மை, கை நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். அதனால்தான் டாக்டர்கள் அளவை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். இந்த வகை மருந்துகளின் பழக்கம் பற்றி, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020-ல் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

சோல்பிடத்துக்கு 2019-ல் வந்த எச்சரிக்கை வேறு ரகம். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, கார் ஓட்டுவது, காலையில் எதுவுமே ஞாபகம் இல்லாமல் இருப்பது. அரிதுதான், ஆனால் உயிரிழப்புகளும் பதிவாகியிருக்கின்றன. இந்த மாத்திரைகளோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். வயதானவர்கள் நள்ளிரவில் பாத்ரூம் போக எழுந்து, தடுமாறி விழுவதும் உண்டு.

இந்தியாவில் இந்த மூன்றும் 'ஹெச் 1' பட்டியலில் உள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டர், நோயாளி, வாங்கிய அளவு எல்லாவற்றையும் மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு கெடுபிடி உள்ள மாத்திரையைத்தான், 'எனக்கு நல்லா கேட்டுச்சு, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு' என்று பக்கத்து வீட்டில் நீட்டுகிறார்கள்.

போன் மட்டும்தான் வில்லனா?

'ப்ளூ லைட்' மேல்தான் எல்லோரும் பழி போடுகிறார்கள். 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 பேரை இரவில் ஒளிரும் திரையிலும், அச்சுப் புத்தகத்திலும் மாறி மாறிப் படிக்க வைத்தார்கள். திரையில் படித்தபோது தூக்கம் வர கூடுதலாக ஆன நேரம் சுமார் 10 நிமிடம். அதுவும் தினமும் 4 மணி நேரம் படித்த பிறகு. ஆக, இரண்டு மணி வரை விழிக்க வைப்பதை வெளிச்சத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. அடுத்த வீடியோ, ஆபீஸ் குரூப் மெசேஜ், யாரோ போட்ட கமெண்ட்... இதெல்லாம்தான் ஆளை விடுவதில்லை.

பட்டன் இருந்தாலே நல்ல போன் என்றும் சொல்ல முடியாது. குட்டிக் கீபோர்டோடு வந்த பிளாக்பெர்ரியில் ஈமெயில் பார்த்தே பலர் அடிமையானார்கள். 'கிராக்' என்ற போதைப்பொருளின் பெயரைச் சேர்த்து அதற்கு 'கிராக்பெர்ரி' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். 2006-ல் வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்டு அகராதி இதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

பழைய போனை எடுக்கும் முன்...

வீட்டு டிராயரில் தூங்கும் நோக்கியா, 2006 முதல் 2014 வரை ஓடிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாரானதாகக்கூட இருக்கலாம். ஆனால் பழைய 2ஜி செட்டில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வந்துவிடும். பணம் அனுப்ப, 2022-ல் வந்த 'யுபிஐ 123பே' இருக்கிறது. முழுசாக மாற முடியாதவர்கள் ஸ்மார்ட்போனை ஹாலிலேயே வைத்துவிட்டு, அலாரத்துக்கும் அவசர அழைப்புக்கும் மட்டும் பட்டன் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இது சிகிச்சை இல்லை, தொந்தரவைக் குறைக்கும் வழி, அவ்வளவுதான். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, 'சிபிடி-ஐ' என்ற பயிற்சியை. படுக்கை தூங்க மட்டும்தான். சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். லீவு நாளானாலும் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டும். இதெல்லாம் அந்தப் பயிற்சியின் பகுதிகள். பலன் தெரிய சில வாரங்கள் பிடிக்கும்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். மனப் பதற்றம், தூக்கமின்மை பற்றிப் பேச 14416 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், பட்டன் போனிலிருந்தும் அழைக்கலாம்.