சைக்கிள் கிடைத்தது, சாலை எப்போது?



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், நம்ம இராஜபாளையத்துல சைக்கிள்ல போற பிள்ளைகளுக்குத் தனி வழி போட அரசாங்கப் பணம் கிடைக்குமா?" கிடைக்கும் என்றேன். ஆனால் அந்தப் பணம் எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது என்று விளங்க, கொஞ்சம் பழைய கதையும் தெரிய வேண்டும். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒரு காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்தான் அரசாங்கத்துக்குப் பணம் கட்டினார். வருடா வருடம் வரி கட்டி, ஒரு சின்னத் தகர வில்லையை வாங்கிச் சைக்கிளில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாவிட்டால் அபராதம். இரவில் விளக்கு இல்லாவிட்டாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். நம் ஊரில் 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன்பின் மில்கள் பெருகின. ஷிப்ட் சங்கு ஊதினால் சாலை முழுக்கச் சைக்கிள்தான். அந்தத் தொழிலாளிகள் எல்லாரும் வரி கட்டித்தான் ஓட்டினார்கள். என் அப்பாவும் கட்டியிருக்கிறார்.

பிறகு காலம் மாறியது. அரசாங்கப் பணம் சைக்கிளைத் தேடி வந்தது. அந்த மாற்றத்தின் பெரிய அடையாளம் புதுக்கோட்டை.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கப்பட்டது. அதன் நிதியில் மாவட்டம் மாவட்டமாக அறிவொளி இயக்கம் நடந்தது. 1991-இல் புதுக்கோட்டைக்கு வந்தபோது அங்கே ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தாலும், அடுத்த ஊருக்குப் போக ஒரு ஆண்பிள்ளையின் தயவு வேண்டும் என்றால் அந்தப் படிப்பு பாதிதானே? பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுத்தன. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே பெண்கள் வாங்கி ஓட்டினார்கள். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பேர் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி நாடெங்கும் தெரியவைத்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'சைக்கிள் நிதி' என்று தனியாக எதுவும் அங்கே இல்லை. இருந்தது எழுத்தறிவுக்கான நிதி. அதற்குள்தான் சைக்கிளுக்கு இடம் கண்டார்கள். இந்தச் சூட்சுமத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. தமிழ்நாடு அரசு 2001–02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் படிக்கும் பிற மாணவ மாணவியருக்கும் அதை விரித்தது. நான் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவன். என்னிடம் படித்துவிட்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள், புதுச் சைக்கிளோடு வந்து, "சார், பாருங்க" என்று மணி அடித்துக் காட்டியதுண்டு. அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பீகாரில் 2006-இல் 9-ஆம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சைக்கிளுக்குப் போட்ட காசு வீண்போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, சைக்கிள் வந்துவிட்டது. ஓட்டச் சாலை?

2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சைக்கிள் பாதைக்கும் நடைபாதைக்கும் மத்திய அரசு முன்னுரிமை தரும் என்றது. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு கொள்கையே வகுத்தது. 2020-இல் மத்திய அரசு நகரங்களுக்குள் சைக்கிள் போட்டி அறிவித்தது. பெங்களூர், சூரத், வாரங்கல் உட்பட 11 நகரங்கள் வென்று தலா ஒரு கோடி ரூபாய் பெற்றன. ஆனால் அந்தப் போட்டி பொலிவுறு நகரங்களுக்கும், தலைநகரங்களுக்கும், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கும்தான். 2011 கணக்கெடுப்பில் நம் ஊருக்கு 1,30,000 சொச்சம். ஸ்ரீவில்லிபுத்தூர் நம்மைவிடச் சிறியது. அந்த வாசலில் நமக்கு இடமே இல்லை.

இதனால் ஆபத்து யாருக்கு? கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை நம் இரண்டு ஊருக்குள்ளும் புகுந்து போகிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், அரசு கொடுத்த அதே சைக்கிளில், புத்தகப்பையோடு பிள்ளைகள் போகிறார்கள். நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1971-இல் மட்டும் அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகள் சாலை விபத்தில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசாங்கம் பணம் கொடுத்து டில்பர்க், தி ஹேக் நகரங்களில் மாதிரிப் பாதைகள் போட்டது. கேட்டதால்தான் கிடைத்தது.

நாம் கேட்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். தெருக்கள் நகராட்சிக்கு. மற்றவற்றில் சில மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசுக்கு. நெடுஞ்சாலைக்காக நகராட்சியில் மனுக் கொடுத்தால் அவர்களால் ஒரு கோடுகூடப் போட முடியாது.

இரண்டு, 'நமக்கு நாமே' திட்டம். பொதுவாகச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். நல்ல நிலையில் இருக்கும் பழைய மாணவர்கள் கவனிக்க!

மூன்று, தொகுதி மேம்பாட்டு நிதி. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. நம் இரண்டு ஊரும் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில் வருகின்றன.

நான்கு, பகுதி சபைக் கூட்டம். 2022 நவம்பரிலிருந்து நகரங்களில் நடக்கிறது. அங்கே கேட்பது எழுத்தில் பதிவாகும்.

இப்போது புதுக்கோட்டைச் சூட்சுமத்துக்கு வாருங்கள். 'சைக்கிள் பாதை' என்று கேட்டால், அப்படியொரு தலைப்பு இல்லை என்பார்கள். 'பள்ளிக்குப் பாதுகாப்பான வழி' என்று கேளுங்கள். வாறுகால் கட்டும்போது அதன்மேல் மூடி போட்டு ஓரத்தைச் சமமாக்கச் சொல்லுங்கள். சாலை புதுப்பிக்கும்போதே ஓரத்தில் கோடும், பள்ளி முன்னால் வேகத்தடையும், தெருவிளக்கும் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வருகிற பணத்திலேயே பாதி வேலை முடியும்.

ஊர் முழுக்கக் கேட்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற ஒரே ஒரு தெருவை எடுங்கள். நம்மில் சிவில் இன்ஜினியர் படித்தவர்கள் குறைந்தது நாலு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் அளந்து மதிப்பீடு போட்டுக் கொடுங்கள். மனு எழுதுவது என் பொறுப்பு. எந்தத் தெரு என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்